ஏரிக்கரை உளுந்தும் மாப்பிள்ளையின் சிவப்புக் காரும்

பாகூர்,
27-3-1968, புதன்கிழமை.

வில்லியனூர் கடைத்தெரு எண்ணெய் மண்டி உயர்திரு. சண்முகசுந்தரம் அவர்கள் சமூகத்திற்கு, பாகூர் வைத்தியலிங்கம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மனைவி கோகிலாம்பாளும் மகள் அமுதமும் மாடுகன்றுகளும் மூலநாதர் புண்ணியத்தில் நலம். அவ்விடம் தாங்களும் வீட்டாரும் செக்கும் மாடும் நலமென்று நம்புகிறேன். நலமில்லாமல் இருப்பது இரண்டே பேர்தான். ஒருத்தி எங்கள் வயலில் வேலை செய்யும் கலியம்மாள். இடது மணிக்கட்டு முறிந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறது. இன்னொன்று தங்கள் வீட்டுச் சிவப்புக் கார். அது ஏரிச் சேற்றில் இருக்கிறது.

'சம்பந்தி அவர்களுக்கு' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். என் மைத்துனர் பக்கிரிசாமி எதிரில் உட்கார்ந்து, "அந்த வார்த்தய போட்டுட்டா அப்புறம் இன்னாத்துக்கு லெட்டரு?" என்று தடுத்துவிட்டார். கோகிலாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எழுதுகிற ஒவ்வொரு பாராவையும் உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று வீட்டு உத்தரவு. ஆகையால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைகாசியில் நிச்சயித்திருந்த தங்கள் மகன் நாகராஜன், என் மகள் அமுதம் கல்யாணத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று இங்கே முடிவாகியிருக்கிறது. கண்மண் தெரியாமல் கார் ஓட்டுகிற பையனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம்.

நடந்தது இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை ('அந்தப் பையன்னு எழுதுங்க' என்கிறாள் கோகிலாம்பாள், சரி) அந்தப் பையன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்டுவதற்காக, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தங்கள் தம்பி கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து தங்கள் வீட்டில் விட்டுவைத்திருக்கிற அந்த ஸ்போர்ட்ஸ் காரில் உறுவையாறு வழியாக வந்து சேர்ந்தான், வந்த வேகத்தில் எங்கள் தெருக் கோழிகள் அன்றைக்கு முட்டையிடவில்லை, கூரையில்லாமல் இரண்டே இரண்டு பேர் உட்காருகிற அந்த வண்டியைச் சுற்றி ஊரே கூடிவிட்டது, நானும் போய்ச் சும்மா தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது, சுட்ட கையை எடுக்க மனசு வரவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு உளுந்து ஞாபகம் வந்தது.

தாங்கள் வியாபாரக் குடும்பம், உளுந்து தங்களிடம் மூட்டையாக வருகிறது. அது எப்படி மூட்டைக்குள் போகிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. இங்கே பங்குனியில் உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து ஏரிக்கரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம், பாகூர் பஸ் நாலு நடை ஏறி இறங்குவதற்குள் மணி உதிர்ந்துவிடும், நடுநடுவே புரட்டிப் போட ஓர் ஆள் நிற்கும், பிறகு தூற்றி அள்ளிக்கொள்வது. தலைமுறை தலைமுறையாக மாடு கட்டிச் செய்த வேலையைச் சர்க்கார் பஸ் சும்மா செய்து கொடுக்கிறது. இது சரியா என்று பஸ் டிரைவரைத் தவிர யாரும் எங்களைக் கேட்டதில்லை. அன்றைக்கு என்னுடைய செடி கால் மைல் நீளத்துக்குக் கிடக்கிறது, பஸ்ஸோ ரிப்பேராகி எங்கேயோ நின்றுவிட்டது, வாசலில் இந்த வண்டி நிற்கிறது. உருண்டு வருகிற பஸ்ஸுக்கே இத்தனை உதிருமென்றால், இந்தக் கார் ஒரு ஓட்டம் ஓடினால் உளுந்து தோல் நீங்கி ஊறி அரைபட்டு இட்லிப் பானைக்கே தயாராகிவிடுமே என்று தோன்றிவிட்டது. தோன்றியது யாருக்கு என்பது இப்போது முக்கியமில்லை. பையன், "வேணாம் மாமா, இது தாழ்ந்த வண்டி, செடி அடியில சுத்திக்கும், காஞ்ச செடி சூட்டுல பத்திக்கும்" என்றான். அப்படிச் சொன்னவன் சொன்னபடி நடந்திருக்க வேண்டாமா?

நானும் ஏறிக்கொண்டேன். முதல் ஓட்டம் மெதுவாகத்தான். உளுந்தங்காய் சக்கரத்தின் கீழே படபடவென்று வெடித்தது, கேட்கச் சுகமாக இருந்தது. கலியம்மாள் ஓரமாக நின்று சிரித்தாள். கரை முனையில் திருப்பி, இரண்டாவது ஓட்டம் ஆரம்பித்தபோதுதான் இந்த வேகம் என்பது என்னவென்று எனக்குத் தெரிந்தது. தாங்கள் அந்தக் காரில் எப்போதாவது போயிருக்கிறீர்களோ இல்லையோ, நான் சொல்கிறேன், முதலில் பனைமரங்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன, பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே வேலியாகிவிட்டன, ஏரித் தண்ணீர் மட்டமாகக் கிடந்தது, கிடந்தபடியே மெல்ல எழுந்து என் தோள் பக்கமாகச் சாய்ந்தது, ஒரு கொக்கு எங்களோடு கூடவே பறந்தது, இறக்கையை நிறுத்தாமல் பறந்தபடியே பின்னால் போயிற்று, கொக்கைத் தோற்கடித்துவிட்டேன் என்று சந்தோஷம், தோற்கடித்தோம் என்று திருத்தி வாசிக்கவும், மேல்துண்டைக் காற்று எடுத்துக்கொண்டது, போகட்டும் என்று இருந்தது, என் பெயர், என் ஐம்பத்துநான்கு வயசு, சர்க்கரை வியாதி, தீர்வை கட்டாத நஞ்சை எல்லாம் கரை முனையிலேயே இறங்கி நின்றுவிட்டன, சத்தமே இல்லை, இருந்திருக்கும், எனக்குக் கேட்கவில்லை. முள் நூற்றிருபதில் நின்றது. ஸ்டீரிங் கோழிக்குஞ்சு மாதிரி கைக்குள் கதகதப்பாகத் துடித்தது என்று பையன் பிறகு சொன்னான்.

இந்தப் பாராவை வாசித்துக் காட்டியதும் கோகிலாம்பாள், "இதெல்லாம் எதுக்கு? கல்யாணத்த நிறுத்தறோம்னு எழுதச் சொன்னா கொக்கு பறக்குதுன்னு எழுதறீங்க" என்றாள். பக்கிரிசாமி, "வேகத்தோட கெடுதலச் சொல்லுங்க மச்சான். நீங்க படிக்கறத கேட்டா எனக்கே ஏறிக் குந்தணும் போல கீது" என்றார். ஆகவே கெடுதலுக்கு வருகிறேன்.

ஏரி திரும்புகிற இடத்தில் ஒரு பலகை உண்டு. 'வளைவு, மெதுவாகப் போகவும்' என்று இருக்கும். அந்தப் பலகையை வைக்கச் சொல்லி ரோடு பார்க்கிற கொம்யூன் ஆபீஸுக்கு மூன்று வருஷம் மனுக் கொடுத்தவன் அடியேன்தான். பலகை கண்ணுக்குத் தெரிந்தது, தெரிந்த அதே நிமிஷம் அதற்கு முன்னால் கலியம்மாளும் தெரிந்தாள், முதல் ஓட்டம் முடிந்துவிட்டது, இனி மெதுவாகத்தான் வருவார்கள் என்று நடு ரோட்டில் குனிந்து செடியைப் புரட்டிக்கொண்டிருந்தாள், முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிரேக்கை மிதித்தால் கார் நிற்கும் என்றுதான் நினைப்போம். நிற்கவில்லை. சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே உதிர்ந்த உளுந்து அத்தனையும் உருள்கிறது, மெழுகின தரையில் எண்ணெய் கொட்டினது போல வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது, கலியம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மதகுப் பக்கம் பாய்ந்தாள், மதகுக் கல்லில் கை மடங்கி விழுந்தாள், கார் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி என்னுடைய பலகையைச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு, கரையில் பின்பக்கமாக இறங்கி, ஏரிச் சேற்றில் போய் உட்கார்ந்தது. அடியில் சுற்றின செடியிலிருந்து புகை வந்தது. ஏரி புண்ணியத்தில் அணைந்தது. அவள் இருந்த இடத்துக்கும் காரின் மூக்குக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். அந்த ஒரு முழத்தை நான் இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன்.

ஊர் ஓடி வந்தது. இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான், வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பையன். இதற்குக் கோகிலாம்பாளும் பக்கிரிசாமியும் தெருக்காரர்களும் சாட்சி. திரும்பவும் எழுதுகிறேன், நான் இடது பக்கம், பையன் வலது பக்கம். பக்கிரிசாமி கரைமேல் நின்றபடியே, "வலப்பக்கம் குந்தினவன்தானே ஓட்டினவன், பாவி, மாமனார கொன்னுருப்பியேடா" என்று பையனைப் பிடித்துக்கொண்டார். போலீஸ்காரர் வந்து "ஓட்டினது யாரு?" என்று கேட்டதற்குப் பையன் சேற்றைத் துடைத்துக்கொண்டு, "நான்தாங்க" என்றான். எழுதிக்கொண்டு போனார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அதிர்ச்சியில் எனக்குப் பேச்சு வரவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், விசிறிவிட்டார்கள், சோடா வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தேன்.

கலியம்மாளைப் பார்க்கப் போனேன். கயிற்றுக் கட்டிலில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "செத்துட்டேன்னுதான் நெனச்சேன் ஐயா. புள்ளைங்க ரெண்டும் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சிங்க" என்றாள். மூன்று மாதம் களைக்கொத்தைத் தொடக் கூடாது என்று கட்டுக் கட்டியவர் சொல்லியிருக்கிறாராம். "ஓட்டனது யாரா இருந்தா எனக்கு இன்னா? கை எனக்குத்தானே போச்சு" என்றாள். முருங்கைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

ஆகையால் தாங்களே யோசித்துப் பார்க்க வேண்டும். ரோடு என்பது பொதுச்சொத்து. அதில் மாடு வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும், உளுந்தும் கிடக்கும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? வேகமாகப் போய் எங்கே போய்ச் சேர்ந்தோம்? ஏரிக்கு. நடந்தே போயிருக்கலாம். ஒரு நிமிஷச் சுகத்துக்காக ஓர் ஏழைப் பெண்ணின் உயிரை ஒரு முழத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறவனுக்கு, நல்லது கெட்டது தெரிகிற எந்தத் தகப்பனும் பெண் கொடுக்க மாட்டான். நிச்சயத்துக்குத் தாங்கள் வைத்த பட்டுப்புடவையையும் வெள்ளிக் குங்குமச் சிமிழையும் பக்கிரிசாமி வெள்ளிக்கிழமை நேரில் கொண்டுவந்து சேர்ப்பார். இதை வாசித்துக் காட்டியதும் இருவரும் "சரி" என்றார்கள்.

தங்கள் வீட்டம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். சிறியவர்களுக்கு எங்கள் ஆசி. தங்கள் குடும்பத்துக்கு மூலநாதர் நீண்ட ஆயுளையும் குறைந்த வேகத்தையும் அருள்வாராக.

இங்ஙனம்,
தங்கள் மேல் என்றும் மரியாதையுள்ள,
பா. வைத்தியலிங்கம்.

பி.கு.: இதுவரை எழுதியது வீட்டில். இனிமேல் எழுதுவது பாகூர் தபாலாபீஸ் மேஜையில் நின்றுகொண்டு, கயிறு கட்டின பேனாவால், தனியாக.

காரை ஓட்டியது நான்.

தாங்கள் இதை நடுவிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். தங்கள் வீட்டுக் கார் பிரான்சு தேசத்து வண்டி, ஸ்டீரிங் இடது பக்கம் என்பது தங்களுக்குத் தெரியாதா? எங்கள் ஊரில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் வலது பக்கம்தான் டிரைவர். அதனால் வலது பக்கத்தில் இருந்தவரையே ஊரும் பிடித்துக்கொண்டது. நான் இடது பக்கம் என்று இரண்டு தடவை எழுதியது, தாங்களாவது கண்டுபிடித்துக் கேட்க மாட்டீர்களா என்றுதான் போலிருக்கிறது.

முதல் ஓட்டம் மாப்பிள்ளை ஓட்டினார். எப்போதோ இரவல் டிராக்டர் ஓட்டிய தைரியத்தில் கரை முனையில் நான்தான், "ஒரே ஒரு தடவ குடுங்க மாப்ள" என்று கேட்டேன். அவர் மாட்டேன் என்றார். நான் திரும்பவும் கேட்டேன். மாமனார் கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா மாமா, மெதுவா மாமா" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்காத சத்தம் என்று மேலே எழுதினேனே, அது இதுதான். சேற்றில் இறங்கியதும் என் காதருகே, "உங்களுக்கு லைசென்ஸ் இல்ல மாமா, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். நான் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டேன். என் மகளுக்கு இப்படி ஒரு பிள்ளை கிடைத்திருக்க, அவரை என் வீட்டிலேயே மூன்று நாளாகப் பாவி என்று திட்டுவதும், நான் அதைக் கேட்டுக்கொண்டு மோர் குடிப்பதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை. நான் எவ்வளவு சரளமாகப் பொய் எழுதக்கூடியவன் என்பதைச் சம்பந்தம் செய்கிறவர்கள் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. கவரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தது அமுதம். கல்யாணத்தை நிறுத்துகிற கடிதம் என்று அவளுக்குத் தெரியும். "தபால்தலை ஒட்டிட்டேம்பா. கோணலா கீதான்னு பாருங்க" என்றாள். நேராகத்தான் இருந்தது. அதற்கு மேல் என்னால் அந்தக் கவரை ஒட்ட முடியவில்லை.

வைகாசிக் கல்யாணம் நடக்க வேண்டும். பக்கிரிசாமி புடவையோடு வரமாட்டார். இங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன், அங்கிருந்து கலியம்மாள் வீட்டுக்கு, கடைசியாகக் கோகிலாம்பாளிடம். வரிசை பயத்தின்படி. கலியம்மாளுக்குக் கை சரியாகும்வரை அவள் வீட்டு அடுப்பு என் பொறுப்பு.

இன்னொரு விஷயம், இது தங்களுக்கு மட்டும். மத்தியானம் கண்ணை மூடினால் அந்த ஏரிக்கரை வருகிறது. தண்ணீர் எழுந்து சாய்கிறது, கொக்கு பின்னால் போகிறது, கலியம்மாள் முதுகு தெரிகிறது. அப்போதும் என் கால் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. விழித்துக்கொண்டு எழுந்து தண்ணீர் குடிக்கிறேன். குடித்து முடித்ததும் திரும்பக் கண்ணை மூடுகிறேன். சேற்றிலிருந்து எடுத்து ரிப்பேர் செய்த பிறகு, அந்தக் காரை என்னிடம் கொடுக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். நான் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

கேட்பேன்.