மூச்சு ஐயாவின் சால்வை

உருளைக்கிழங்கு ஆய்வகத்தை வழக்கமாக எட்டிப் பார்ப்பவர்கள் இரண்டே பேர்: தபால்காரரும் ஒரு சோம்பேறி நாயும். அன்று காலையிலோ வாசலில் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கு நாலு காலிச் சாக்கோடு விவசாயிகள் குடும்பம் குடும்பமாக வந்து குவிந்திருந்தார்கள். எல்லாம் மூச்சு ஐயாவைப் பார்க்கத்தான்.

மூச்சு ஐயா என்ன செய்வார்? ஊதுவார். அவ்வளவுதான். அவர் ஊதிய விதைக்கிழங்கு சாகும்வரை அழுகாதாம். வீட்டுக் கிழங்கைக் கொண்டுவந்து ஊதச் சொன்னால் மட்டும் ஊதமாட்டார். அதில் மூச்சு தங்காதாம். அவரிடமே வாங்கிய கிழங்கில்தான் தங்குமாம். சாக்குகள் ஏன் காலியாக வந்தன என்று இப்போது புரிகிறதல்லவா? வந்தவர்களுக்குப் புரியவில்லை.

அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அழுகல் நோய் என்றாலே உருளை போட்டவனுக்குத் தூக்கம் போய்விடும். நேற்று பச்சைப்பசேலென்று நின்ற செடி இன்று கறுத்துத் துவளும். தோண்டினால் கிழங்கு இருக்காது, கூழ் இருக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். பயந்தவன் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வான்.

அந்த நாற்றத்தோடு நாலு வருடமாகக் குடித்தனம் நடத்துபவள் ஊசி அக்கா. ஆய்வகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். நோய்க்கிருமி கலந்த நீரில் ஊசியைத் தோய்த்துச் செடியின் தண்டில் குத்துவாள். ஈரமாக்கி பாலிதீன் உறையால் மூடுவாள். நாலு நாள் கழித்து எது செத்தது, எது தாக்குப்பிடித்தது என்று எழுதுவாள். நூற்றெழுபது ரகத்தைக் குத்தியதில் ஒரே ஒரு ரகம்தான் ஓரளவு தாங்கியது. அதைப் பார்க்க ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை.

இயக்குநர் படித்தவர். பட்டங்களை எழுதவே பெயர்ப்பலகையில் இரண்டு வரி. மூச்சு ஐயா ஒருமுறை அவர் தலையில் ஊத, மறுவாரமே பதவி உயர்வு வந்துவிட்டது. அதற்காகப் பதினொரு வருடம் காத்திருந்ததை அவர் மறந்துவிட்டார். உடனே ஆய்வகத்திலேயே சோதனைக்கு ஏற்பாடு செய்தார். ஒரே ரகத்தில் இருபது செடிகள். பத்தில் ஐயா ஊதினார், பத்தில் ஊதவில்லை. இருபதையும் ஊசி அக்காதான் குத்தினாள். ஆனால் பாலிதீன் தன் மூச்சை அடைத்துவிடும் என்று சொல்லி, ஊதிய பத்தையும் தனது சால்வைக்கு அடியில் வைக்கச் சொன்னார் ஐயா. அவள் மறுத்துப் பார்த்தாள். இயக்குநர் கண்ணை உருட்டினார். நாலாம் நாள் ஊதாத பத்தும் கூழ், ஊதிய பத்தும் ஜம்மென்று நின்றன. இன்று 'ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது' என்று சான்றிதழ் தரப்போகிறார்கள்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்குக் கூட்டத்தில் தன் அண்ணனைக் கண்டதும் தாங்கவில்லை. அவருடைய வயல் பள்ளத்தில் கிடப்பது. ஒரு மழைக்கே தண்ணீர் தேங்கும். அதில் முழுக்க ஊதிய கிழங்கைப் போடப் போகிறாராம். அது போனால் அந்த வருடம் வீட்டில் அடுப்பெரியாது. நேராகக் கூட்டத்தின் நடுவில் போய் நின்றாள்.

"ஐயா, இன்னொரு தடவை பாத்துடுவோம். நீங்க ஊதின செடியை பாலிதீனுக்குள்ள வைக்கிறேன். ஊதாததை உங்க சால்வைக்குள்ள வைக்கிறேன். மத்ததெல்லாம் அப்படியே."

ஐயாவின் மூச்சு ஒரு கணம் நின்றது. "சந்தேகத்தோட வைக்கிற இடத்துல சக்தி நிக்காதும்மா" என்றார்.

"நீ சும்மா இரும்மா" என்று அதட்டினார் அண்ணன். பிறகு ஐயாவிடம் கைகூப்பினார். "இவ வாயை அடைக்கணும்யா. நீங்க செஞ்சு காட்டிடுங்க."

கூட்டமும் செஞ்சு காட்டுங்க ஐயா என்று கெஞ்சியது. பக்தர்களே பிடித்துத் தள்ளும்போது பாவம், அவர்தான் என்ன செய்வார்? ஊதினார்.

நாலாம் நாள் எல்லோர் முன்னாலும் உறையைத் திறந்தாள். நாற்றத்தில் முன்வரிசை பின்வரிசையானது. ஊதிய பத்தும் கூழ். சால்வையை விலக்கினாள். ஊதாத பத்தும் நிமிர்ந்து நின்றன.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்கு நம் ஜனங்களைத் தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர் கண்கலங்கச் சொன்னார்: "அப்போ சக்தி சால்வையிலதான் இருக்கு!"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் ஐயா, சற்றும் கூசாமல். சால்வையை எத்தனை துண்டாக வெட்டலாம் என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. இயக்குநர் தனக்கு ஒரு முனையைக் கேட்டு வைத்தார்.

ஊசி அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நல்லவேளை, தன் ஜனங்களை அவளுக்குத் தெரியும். ஜன்னலோரத்தில் மூடி வைத்திருந்த இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதே நாளில் அதே ஊசியால் குத்திய பத்துச் செடிகள். மேலே கிடந்த துணியை எடுத்தாள். பத்தும் உயிரோடு இருந்தன.

"இது தரை துடைக்கிற துணி. இதுல யார் ஊதினா?"

முன்வரிசை துணியைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தது.

"ஈரம் நின்னு, காத்து போகலைன்னா அழுகும். துணிக்குள்ள காத்து போகும், ஈரம் காயும், அழுகாது. இவ்வளவுதான்."

அண்ணன் கூழான செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ தண்ணி தேங்குற என் வயல்ல இந்தக் கிழங்கைப் போட்டிருந்தா?"

அவள் கூழான செடிகள் இருந்த தட்டை அவர் மூக்கருகே நகர்த்தினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதலில் வயலுக்கு வடிகால் வெட்ட வேண்டும் என்றார். நாலு வருடத்தில் அவளுடைய வேலையைப் பற்றி ஒருவர் யோசித்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

இதற்குள் ஐயா பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார். எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான் என்றபடி சான்றிதழைக் கிழித்தார் இயக்குநர்.

மூச்சு எல்லோருக்கும் இனாமாகத்தான் கிடைத்திருக்கிறது, மூளையும் அப்படித்தான். மூச்சை மட்டும் அடுத்தவரிடம் வாங்குகிறோமே, இனாமாக வந்த அந்த இன்னொன்றை எந்த நாளைக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம்?