பேய்மிரட்டிக்கு ஒரு ருசு

என் மனைவி அம்சவேணியின் பேய்மிரட்டிச் செடியை ஒழித்துக்கட்டுவது என்று அந்தத் தை மாதம் நான் சபதம் செய்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற அந்தச் செடி, என் தறிக்கு வாய்த்த சக்களத்தி.

நான் நெய்வது உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமான பட்டுச் சேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுகிறவன் நான். கரைக்கு நாடா தள்ளுகிறவள் அம்சவேணி. அவள் எழுந்தால் தறி நின்றுவிடும். அவளோ எழுந்துகொண்டே இருந்தாள்.

தெருவில் எந்தக் குழந்தைக்கு வயிறு உப்பினாலும், பல் முளைக்கும் காய்ச்சல் வந்தாலும், தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். இவள் நாடாவைப் போட்டுவிட்டு இலை பறிக்க ஓடுவாள். பெரியவர்களுக்குக் குளிர்காய்ச்சல் என்றால் இலையைக் கொதிக்க வைத்து வேது பிடிக்கச் சொல்லுவாள். கொசு கடித்தால் பச்சை இலையையே திரியாக முறுக்கி, எண்ணெயில் நனைத்து விளக்கேற்றுவாள். பச்சை இலை எங்கேயாவது எரியுமா? அவள் கையில் அது எரிந்தும் தொலைக்கும். பேய் மிரண்டதோ இல்லையோ, சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாணப் பெண் ஒருத்திக்கு நான் ஒப்புக்கொண்ட கூறைச் சேலை பாதியில் நின்றது. முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் காசிநாதன்தான் எனக்கு வழி காட்டினார். அவர் சொன்னதை அன்றைக்கே தறியில் உட்கார்ந்தபடி அவளுக்குப் பாடமாக எடுத்தேன்.

"சீமையில எந்த மருந்தையும் சும்மா நம்ப மாட்டாங்க, அம்சா. ருசு, அத்தாட்சி கேப்பாங்க."

"ருசுன்னா இன்னா செய்வாங்க?"

"நோயாளிங்கள்ல பாதிப் பேருக்கு நெச மருந்து. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத ஒரு தண்ணி. யாருக்கு எதுன்னு சொல்லவே மாட்டாங்க. மருந்து குடிச்சவன் மட்டும் எழுந்து உக்காந்தான்னா, அது மருந்து."

"தண்ணி குடிச்சவனும் எழுந்து உக்காந்துட்டா?"

"அப்போ மருந்துல ஒண்ணுமில்ல. இல்லாட்டி அவன் நோயில ஒண்ணுமில்ல."

"நல்ல புத்திசாலிங்கதான்" என்று சொல்லி அவள் நாடாவைத் தள்ளினாள்.

"உன் எலைக்கு ருசு இருக்குதா?"

"தெருவே பொழைச்சுக்கினு இருக்குது. அது போதாதா?"

"போதாது. எனக்கு வயித்து வலி வரட்டும், உன் கஷாயத்தைக் குடிக்கறேன். வலி போவலேன்னா தறி நேரத்துல யாருக்கும் எலை கிடையாது."

"போயிட்டா?"

"நானே தறியிலேந்து எழுந்துபோய் எலை பறிச்சு அரைச்சுக் குடுக்கறேன்."

எதிர்வீட்டு முனிரத்தினம் சாட்சி. அவன் எதற்கும் சாட்சிக்கு வருவான், பலகாரம் இருந்தால்.

மறுநாள் காலையிலேயே எனக்கு வயிற்று வலி வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாட்சிக்கு வந்து உட்கார்ந்த முனிரத்தினத்தின் எதிரே பாயில் சுருண்டு படுத்து நன்றாக முனகினேன். அம்சவேணி என் நாக்கைப் பார்த்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தம்ளர் கஷாயம் கொண்டுவந்தாள். அப்பப்பா, என்ன கசப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

"எப்படி இருக்குது?"

"அப்படியேதான் இருக்குது. முனிரத்தினம், நல்லா பார்த்துக்கோப்பா."

"பாவம். அப்போ இன்னைக்கு வெந்நீர்தான். வேற எதுவும் வயித்துல எறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

சற்று நேரத்தில் ஒரு வாசனை வந்தது. மிளகு, சீரகம், சுக்கு, நெய். அதோடு மந்தாரை இலை. கோயில் இட்லி. என் வாயில் அது பட்டு மாதக்கணக்காகிவிட்டது. சாட்சிக்கு ஓர் இலை போட்டுப் பரிமாறினாள்.

"அண்ணி, நெய் கமகமன்னு இருக்குது."

"இன்னொரு துண்டு போட்டுக்கோப்பா."

நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன். "அம்சா, கொஞ்சம் கொறைஞ்சா மாதிரி இருக்குது."

"துளி வலி இருந்தாலும் மிளகு ஆவாதுங்க. முனிரத்தினம், அவருக்கு எடுத்துவெச்சதையும் நீயே சாப்டுடுப்பா."

"வேணாம். வலி போயிடுச்சு."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

"எதனால போச்சு?"

முனிரத்தினத்தின் கை என் பங்கு இட்லிக்கு நீண்டது. "உன் கஷாயத்தாலதான்" என்றேன். முனிரத்தினம் வாய் நிறைய இட்லியோடு தலையை ஆட்டிச் சாட்சி சொன்னான்.

உண்மையைச் சொன்னால், தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. இட்லி அப்படி. ஒரு பெரிய துண்டை முடித்துவிட்டு, "ஆனாலும் உன் பேய்மிரட்டி இவ்ளோ கசக்கக் கூடாதும்மா" என்றேன்.

"பேய்மிரட்டியா? அது நேத்து பாவக்காய் வேகவெச்ச தண்ணிங்க. எலை நெச நோய்க்காரங்களுக்கு வேணுமே. நீங்க சொன்ன அந்த ரெண்டாவது பாதியில உங்களை வெச்சேன்."

"அப்போ பந்தயம் செல்லாது."

"செல்லாதுன்னா வுட்டுடலாம். வலியே வரலேன்னு முனிரத்தினத்துகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

நான் அடுத்த இட்லியை எடுத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்துத் தறிக் குழியில் இறங்கினேன். அம்சவேணி எனக்கு முன்பே நாடாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். "இனிமே நான் தறியை வுட்டு எழுந்துக்கவே மாட்டேன். நீங்க போயிட்டு வெரசா வந்துக்கினு இருந்தீங்கன்னா, சேலை முகூர்த்தத்துக்கு முடிஞ்சிடும்" என்றாள்.

அதற்குள் வாசலில் ஒரு குழந்தை வீறிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போனேன்.

பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பவுண்டர் காசிநாதன் நின்றிருந்தார். "ருசுவெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்பா. கொழுந்து எலையா பார்த்துக் குடு."