காலி இடத்தை உபசரித்த பெஞ்சு

“யாருமே உக்காரலையே. அப்புறம் ஏன் எரியுது?”

“எரியுதுன்னு சொல்லாதீங்க மேடம். வரவேற்குதுன்னு சொல்லுங்க.”

“சரி, வரவேற்குது. யாரை?”

வடிவமைப்புக் கலையின் நெடிய வரலாற்றில் இதைவிட ஆழமான கேள்வி எழுந்ததில்லை. கேட்டவர், தைபே நகரின் வட்டார அலுவலகம் ஒன்றில் பிரிவுத் தலைவியான ஃபாங். பதில் சொல்ல வேண்டியவர், ‘உணர்வுப் பொருள் வடிவமைப்பகம்’ என்ற மாபெரும் நிறுவனத்தின் (ஊழியர் மூவர், காபி இயந்திரம் இரண்டு) இயக்குநர் லியாவ். பதில் தெரிந்தவளோ, இருவருக்கும் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்ற லியாவின் ஊழியர் கோ பெய்-ரோங். ஆகவே அவளை யாரும் கேட்கவில்லை.

கேள்விக்கு ஆளான பொருள், காத்திருப்போர் கூடத்தில் நேற்று வந்து இறங்கிய ‘ஆறுதல் பெஞ்சு’. வந்து உட்கார்ந்தால் போதும். விளிம்பில் இளமஞ்சள் ஒளி பரவும். “வாங்க, உக்காருங்க. நீங்க தனியா இல்ல” என்று ஒரு பெண் குரல் குழையும். நான்கு மாத வேலை. வேலை செய்தவள் பெய்-ரோங். பெஞ்சின் பித்தளைத் தகட்டில் இருப்பது லியாவின் பெயர். இதில் அநியாயம் ஏதுமில்லை, தகடு சின்னது.

அந்தப் பெஞ்சுதான் இப்போது ஆளே இல்லாமல் ஒளிர்ந்து, காலி இடத்தைப் பார்த்து “வாங்க, உக்காருங்க” என்றது. அதுவும் சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில்.

ஏழாம் மாதம் பாதாளக் கதவு திறந்து வெளியே வருகிற ஆவிகளின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. ‘நல்லண்ணன்மார்’ என்பதோடு சரி. அந்த மாதம் கல்யாணம் கிடையாது, புதுவீடு கிடையாது, இரவில் வெளியே துணி காயக்கூடாது. காலி இருக்கையை உபசரிக்கக்கூடாது என்று மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அப்படியும் ஒருவர் செய்வார் என்று முன்னோருக்குத் தோன்றவில்லை.

“நீங்க தனியா இல்ல,” என்றது பெஞ்சு மறுபடியும்.

வரிசை எண்ணோடு மற்ற நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள்.

பெய்-ரோங்கின் தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது. லியாவின் பையில் இரண்டு உறைகள் இருந்தன. “நாலு மணிக்கு வட்டாரத் தலைவர் வராரு. பெஞ்சு ஒழுங்கா நடந்துக்கிட்டா உனக்குச் சிவப்பு உறை, நிரந்தர வேலை. இல்லேன்னா வெள்ளை உறை” என்று காலையிலேயே கருணையோடு சொல்லியிருந்தார்.

“சார், அஞ்சே நிமிஷம்,” என்றாள். “ஒரு ஸ்க்ரூ டிரைவர் மட்டும் கிடைச்சா அடிப்பலகையைக் கழட்டி...”

“பெய்-ரோங்!” லியாவ் கண்களை மூடித் திறந்தார். “டிசைனர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடலாமா? கை காய்ச்சுப் போயிடும். கை காய்ச்சா மனசும் காய்ச்சுப் போயிடும்.”

விஷயம் இவ்வளவுதான். ஆள் உட்கார்ந்தால் பலகைக்கு அடியில் ஒரு சுவிட்சு அழுந்தி, ஒரு கம்பி வழியாக ‘வந்தாச்சு’ என்று மின்சாரம் சேதி சொல்லும். எழுந்துவிட்டால் அந்தக் கம்பி எதையும் பற்றாமல் அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற கம்பி சும்மா இருக்காது. கூரை விளக்கு, கடந்து போகிறவர் கை, எதையும் ‘ஆள்’ என்று நம்பிவிடும். அதை ‘ஆள் இல்லை’ என்ற பூஜ்யத்தோடு கட்டிப்போட அரிசி அளவில் ஒரு மின்தடை, அதாவது ரெசிஸ்டர், வேண்டும். மின்னணுவியல் பாடத்தின் முதல் அத்தியாயம். பெய்-ரோங் போட்டும் இருந்தாள். பலகையை மூடும் முன் லியாவ்தான் அதைத் தம் பொற்கரத்தால் பிடுங்கினார். “ஆறுதல் சொல்ற பொருளுக்குள்ள தடை எதுக்கு? எவ்வளவு கம்மியோ அவ்வளவு அழகு!”

குப்பையிலிருந்து பொறுக்கிய அந்தத் தடை, இப்போது அவள் கைபேசி உறைக்குள் இருந்தது.

“இது பழுது இல்ல மேடம்,” என்றார் லியாவ். “இல்லாதவங்களையும் உணர்ற திறன்.”

ஃபாங் ஓரடி பின்வாங்கினார். “அதுக்குத்தாங்க நானும் பயந்தேன்.”

உடனே பிரிண்டர் அருகே உயர்மட்டக் கூட்டம் கூடியது. பெஞ்சின் மேல் பச்சைப் பொட்டலம் வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம். தைவான் தீவில் ஓடுகிற எந்த இயந்திரமும் மக்கர் பண்ணாதிருக்க அதன் தலையில் உட்கார வைக்கப்படும் சோளப் பொரி. அதன் பெயருக்கே ‘சமர்த்தாயிரு’ என்றுதான் பொருள். ஓடிப்போன குமாஸ்தா மஞ்சள் பொட்டலத்தோடு திரும்பினான்.

“மஞ்சளா? மஞ்சளை வச்சா மெஷின் படுத்துக்கும்டா! நீ எந்தக் காலேஜ்ல படிச்சே?”

“எம்.ஏ. நிர்வாகவியல், மேடம்.”

“அதான்.”

அடுத்து வந்த பச்சை, போன மாதமே காலாவதியானது. காலாவதிப் பொரி வைத்தால் இயந்திரம் கோபித்துக்கொள்ளும் என்பது விஞ்ஞானம். மூன்றாவதாக வந்த புதுப் பச்சையை ஃபாங் இரு கைகளாலும் ஏந்திப் பெஞ்சின் மேல் வைத்தார்.

“வாங்க, உக்காருங்க,” என்றது பெஞ்சு பொட்டலத்திடம்.

இனி பூஜைதான். மேஜை போட்டு ஊதுபத்தி, பீர், உடனடி நூடுல்ஸ், வந்த நல்லண்ணன்மார் முகம் கழுவ ஒரு பேசின், புதுத் துண்டு. கவுண்டர்களை விட்டு அத்தனை ஊழியர்களும் வந்து பெஞ்சின் முன் குனிந்து நின்றார்கள். எண் பலகை அறுபத்திரண்டில் உறைந்தது. அத்தனை பேர் நெருங்கி நின்றதில் ஒளியும் அணையாமல் நிலைத்து நின்றது. ஆள் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டதாகப் பெஞ்சு முடிவு செய்துவிட்டது.

அப்போது சுவரோரத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் ஜியான், குழாய் வேலை, மின்வேலை இரண்டும் பார்க்கிறவர். இடுப்பு வாரில் இடுக்கி, ஸ்க்ரூ டிரைவர், டேப். “அப்பாடா” என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெஞ்சு வாயே திறக்கவில்லை. வணக்கம் சொல்வது புதிதாக வருகிறவருக்கு. அதன் கணக்கில்தான் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே.

“எழுந்திருங்க!” ஃபாங் அலறினார். “அங்க ஆள் இருக்காங்க!”

“நான்தாங்க ஆள். அறுபத்து மூணு. காலையில இருந்து காத்துக்கிடக்கிறேன்.”

“அவர் மடியில உக்காந்திருக்கீங்க!”

“அவரு நம்பர் என்னங்க?”

மணி மூன்றே முக்கால். லியாவ் நிதானமாகப் பேனாவை எடுத்து ஓர் அறிக்கை எழுதி, கனத்த குரலில் வாசித்தார். “பழுதின் காரணம்: உயிருடன் உள்ள நபர் ஒருவர் பெஞ்சில் அமர்ந்தது. அதைத் தடுக்கத் தவறியவர்: கோ பெய்-ரோங்.” காகிதத்தை அவளிடம் நீட்டினார். “இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா.” பையிலிருந்து வெள்ளை உறை பாதி எட்டிப் பார்த்தது.

பெஞ்சில் கோளாறு என்று தான் நினைத்ததே தப்பு என்று பெய்-ரோங்குக்குப் பட்டது. ஒரே நாளில் அது அலுவலகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டிருந்தது. இல்லாதவருக்கு பீர், நூடுல்ஸ், புதுத் துண்டு. வந்து உட்கார்ந்தவருக்கு ஒரு வார்த்தை கிடையாது.

அவள் பேனாவை வாங்கவில்லை. கைபேசி உறையைப் பிரித்து, அரிசி அளவுத் தடையை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, ஜியானின் முன்னால் முழங்காலிட்டாள்.

“அண்ணே, கொஞ்சம் எழுந்திருக்காம அப்படியே இருங்க. உங்க இடுப்புல இருக்கிற அந்த ஸ்க்ரூ டிரைவரை அஞ்சு நிமிஷம் தரீங்களா?”