கண்டெய்னருக்குக் கம்மல் மாட்டிய கதை

எங்கள் யார்டில் அத்தனை பேரும் ஆடிட்டில் தேறியது நான் தயாரித்த பாடத்தாலா, அல்லது என் மகள் அன்றைக்குப் பருப்புச் சாதம் சாப்பிட மறுத்ததாலா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் மூன்றாவதாக ஒரு காரணம் சொல்வார். அது அவருடைய வேட்டி.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஏற்றுமதிச் சரக்கைக் கண்டெய்னரில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது என்னைப் பயிற்சிப் பிரிவில் உட்கார வைத்தார்கள். பகல் வேலை. பாப்பாவை விடும் காப்பகமும் பக்கத்துத் தெருவில்தான். ஒரு தாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? (தூக்கம் வேண்டும். அதை நிறுவனத்திடம் கேட்க முடியாது.)

அதுவரை பயிற்சி என்றால் சென்னையிலிருந்து ஒரு சார் வருவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏசி ஹாலில் வகுப்பு. வெயிலில் வெந்துவிட்டு வருகிறவர்களை ஏசியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? முன்வரிசை கண்ணைத் திறந்துகொண்டு தூங்கும், பின்வரிசைக்கு அந்த மரியாதையும் கிடையாது. அன்றைக்குக் கப்பல் வந்துவிட்டால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். "புரிஞ்சுதா?" என்று சார் கேட்டால் மொத்த ஹாலும் தலையாட்டும். புரியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் யார் எழுந்து சொல்வார்கள்?

பாடத்தைச் செல்போனுக்கே அனுப்பிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். பஸ்ஸில் வரும்போது பார்க்கலாம். டீ குடிக்கும்போது பார்க்கலாம். புரியாவிட்டால் பின்னால் தள்ளித் திரும்பக் கேட்கலாம். தப்பாகப் பதில் சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. மேனேஜர் சம்மதித்தார், ஆனால் ஒரு கொக்கியும் போட்டார்.

"சரக்கு வாங்குற கம்பெனியில இருந்து ஆடிட்டுக்கு வாராங்க. யார்டுல யாரக் கேட்டாலும் டக்குன்னு பதில் வரணும். வரலேன்னா பழையபடி அந்த சார் வந்துருவாரு. நீங்க கேட் ஆபீஸ் ஷிப்டுக்குப் போயிருங்க."

கேட் ஆபீஸ் என்றால் ராத்திரி ஷிப்டும் உண்டு. பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது. என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். முடியைக் கழற்றி வைத்துவிட்டா வேலைக்குப் போக முடியும்?

முதல் பாடம், கண்டெய்னரில் சரக்கு ஏற்றுவதற்கு முன் ஏழு இடங்களைச் சோதிப்பது. அடிப்பக்கம், கதவு, வலச்சுவர், இடச்சுவர், முன்சுவர், கூரை, தரை. எங்கேயாவது போலிச் சுவர் வைத்து எதையாவது ஒளித்திருக்கலாம். சரக்கு ஏற்றிய பிறகு கதவில் சீல் என்ற போல்ட் பூட்டைப் போட வேண்டும். அதை இழுத்துப் பார்க்க வேண்டும், திருகியும் பார்க்க வேண்டும்.

படங்களைத் தயார் செய்துவிட்டேன். குரல்தான் பாக்கி. ஆபீஸில் லாரி ஹாரன் ஓயாது என்பதால் வீட்டில் வைத்துப் பேசினேன். முதல் தடவை பாப்பாவும் அவள் அப்பாவும் சேர்ந்து கெடுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை செய்தி வாசிப்பவர்போலத் தெளிவாகப் பேசி முடித்தேன். அந்த இரண்டாவதைத்தான் செல்போன் ஆப்பில் ஏற்றினேன்.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. நான் கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிற ஜாதி. ஏற்றியது சரியானதுதானா என்று இரண்டு பதிவுகளையும் மறுபடி திறந்தேன். இரண்டுமே "அனைவருக்கும் வணக்கம்" என்றுதான் தொடங்கும். வணக்கத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டேன். முதல் வணக்கம்தான் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றியது. ஏற்றியதை எடுத்துவிட்டு மற்றதை ஏற்றினேன். அப்பாடா என்று இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அதிசயம் நடந்தது. கம்ப்யூட்டரில் பார்க்கிறேன், எல்லோரும் பாடத்தைக் கடைசிவரை பார்த்திருக்கிறார்கள். பலர் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். யார்டு சூப்பர்வைசர் அந்தோணி அண்ணாச்சி, எந்தப் பயிற்சியையும் "வெட்டி வேல" என்று சொல்பவர், என்னைத் தேடி வந்தார்.

"எம்மா, பாடம்னா இதுல்லா பாடம்! என் பொண்டாட்டியும் ஒக்காந்து பாக்கா!"

"நெசமாவா அண்ணாச்சி?"

"அவதான் எனக்கு முன்னால பார்ட் பார்ட்டா ஒப்பிக்கா!"

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்டெய்னர் சோதனையைக் குடும்பத்தோடு பார்க்கும் அளவுக்கு எனக்குள் இப்படி ஒரு திறமையா என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். (வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே "ம்" என்றார். அந்தப் புகழில் தனக்கும் பங்கு இருப்பது அவருக்கு அப்போது தெரியாது.)

ஆடிட் நாள் வந்தது. மும்பையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். சிரிப்பே இல்லாத முகம், கொஞ்சம் தமிழ் தெரியும். யார்டுக்குள் நடந்து போனவர், ஏரலிலிருந்து வேலைக்கு வரும் முத்துலட்சுமியைக் கைகாட்டி, காலிக் கண்டெய்னர் ஒன்றைச் சோதித்துக் காட்டச் சொன்னார். நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

முத்துலட்சுமி குனிந்து அடிப்பக்கம் பார்த்தாள். நிமிர்ந்து கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்.

"ஆ காட்டு, ஆ காட்டு... எஞ் செல்லம்லா!"

கதவு திறந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது என் வீட்டு வசனம் அல்லவா?

உள்ளே போனாள். "வலப்பக்கம் ஒரு வாய்" என்று வலச்சுவரைத் தட்டினாள். "இடப்பக்கம் ஒரு வாய்." இடச்சுவர். "காக்காக்கு ஒரு வாய்." முன்சுவர். வெளியே நின்ற அந்தோணி அண்ணாச்சி குரல் கொடுத்தார். "கூரையில?"

"வேட்டி இல்ல அண்ணாச்சி!"

தரையையும் பார்த்துவிட்டு வெளியே வந்து, கதவை மூடிச் சீல் போட்டாள். இழுத்தாள், திருகினாள். "கம்மல இழுக்காதளான்னா கேக்கியா!" என்று அதையும் முறையாக முடித்துவைத்தாள்.

மும்பை மேடம் என்னைப் பார்த்தார். "இது என்ன? அந்த வீடியோ நான் பார்க்கணும்."

கான்ஃபரன்ஸ் ஹாலில், பெரிய திரையில், மேனேஜர் முன்னால் ஓடவிட்டார்கள். திரையில் கண்டெய்னர் படம். என் குரல், முதலில் மிகுந்த கண்ணியத்தோடு: "அடுத்து, கதவைக் கவனமாகத் திறக்க வேண்டும்." உடனே அதே குரல்: "ஆ காட்டு... துப்புன, அடி விழும்!" கூரையின் படம் வந்தபோது தூரத்திலிருந்து என் வீட்டுக்காரர்: "ஏட்டி செல்வி, என் வேட்டிய எங்கன வச்ச?" நான்: "மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும்... பீரோவுல மேல்தட்டுல பாருங்க... கூரையில் ஓட்டை, ஒட்டு எதுவும்... அங்கன இல்லியா?" அவர்: "இங்கன இல்ல!" சீல் வந்ததும் பாப்பா என் கம்மலைப் பிடித்துத் தொங்க, நான் போட்ட அலறலில் ஸ்பீக்கர் அதிர்ந்தது.

மேசைக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். அங்கே வயர்கள் இருந்தன. மேனேஜர் முகம் சுண்ணாம்பாக இருந்தது. எனக்குக் கேட் ஆபீஸ் நாற்காலியும், முடி கிடைக்காமல் அழுகிற பாப்பாவும்தான் கண்ணில் தெரிந்தார்கள்.

மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வெளியே போய், கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார். டிரைவர், கிளார்க், வெல்டர் என்று யாரும் மேலே பார்த்து யோசிக்கவில்லை. ஏழு இடங்களும் வரிசை மாறாமல், வேட்டி கம்மல் சகிதம், வந்து விழுந்தன. திரும்பி வந்தவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு.

"எல்லா ஊர்லயும் கேட்டுட்டேன். சீல் ஏன் திருகணும்னு யாரும் சொல்லல. இங்க சொல்றாங்க, கம்மல்ல திருகாணி லூஸா இருந்தா கழண்டுடும்னு. இந்த வீடியோ மாத்தாதீங்க."

மேனேஜர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. "இது எங்க புது டெக்னிக் மேடம், ரொம்ப நாளா பிளான் பண்ணுனது" என்றார். (சார், வேட்டி காணாமல் போனதையுமா பிளான் செய்தீர்கள்?)

சென்னை சார் திரும்பி வரவில்லை. நான் பகல் வேலையிலேயே இருக்கிறேன். யார்டில் சீல் என்ற சொல் செத்துவிட்டது, "கம்மல் மாட்டியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஏரலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். முத்துலட்சுமியின் உபயத்தால், ஆணி வாங்க வருகிறவர்கள்கூட முதலில், "அண்ணாச்சி, வேட்டி கெடச்சுதா?" என்றுதான் விசாரிக்கிறார்கள். கிடைத்துவிட்டது. கொடியில்தான் கிடந்தது.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். தீயணைப்புப் பாடம் வேண்டும், "அதே மாதிரி" வேண்டும் என்கிறார் மேனேஜர். ஆனால் பாப்பா வளர்ந்துவிட்டாள். தட்டை இழுத்துவைத்துத் தானே சமர்த்தாகச் சாப்பிடுகிறாள், சத்தமே வருவதில்லை. வேண்டுமென்றே அழவைத்துப் பதிவு செய்ய மனசு வருமா? ஒன்றும் இல்லாமல் பேசினால் மறுபடியும் தூங்கிவிடுவார்களோ? இன்னொரு வேட்டியைத் தொலைக்கத் தயார் என்று வீட்டுக்காரர் முன்வருகிறார், ஆனால் அவருக்கு நடிப்பு வராது. பள்ளிக்கூடம் போகும் வயதில் பாப்பா இந்த வீடியோவைப் பார்த்து, "என் சேட்டைய ஏம்மா ஊருக்கே கேக்க வச்ச?" என்று கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை வேறு.

பிள்ளை வளர்த்தவர்களும் பாடம் நடத்தியவர்களும் உங்களில் இருப்பீர்கள். நான் என்ன செய்யட்டும்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். சொன்ன பிறகு, அது சரிதானா என்று இன்னொரு தடவையும் யோசித்துச் சொல்லுங்கள்.