மூன்றாம் மாடி மேலிடம்

உலக ஜனநாயக வரலாற்றைப் புதிதாக எழுத நினைப்பவர்கள், தாம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, முடிச்சூர் செம்பருத்தி அடுக்ககத்துக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போவது நல்லது. கட்டடம் கட்டிய நாளிலிருந்து நலச்சங்கத் தலைவர் பதவியை ஒற்றை ஆளாகச் சுமந்த பக்தவச்சலம், அதைத் தாமாகவே துறக்க முன்வந்தார். அடடா, என்ன தியாகம்!

அவர் குடியிருப்பது மூன்றாம் மாடி. ஆகவே எல்லாருக்கும் அவர்தான் 'மேலிடம்'. தரைத்தளத்தில் தையல் மிஷின் போட்டிருக்கும் டெபோரா 'அடிமட்டம்'. மழை வந்தால் முதலில் நனைவது அடிமட்டம்தான் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

மொட்டைமாடியில் பொதுக்குழு கூடியது. டெபோராவுக்கு ஒரே கவலை. கிறிஸ்துமஸுக்குத் தைத்துத் தருவதாக வாடிக்கையாளர்களிடம் வாங்கிய துணியெல்லாம் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஐப்பசியும் பிறந்துவிட்டது. தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும் மோட்டார் ஓடுமா, ஓடாதா?

"சார், மோட்டாரை ஒருவாட்டி போட்டுப் பாத்துடலாமே. போன மழைக்கே கட்டில் வரிக்கும் வந்துச்சு."

"அஜெண்டாவுல இல்லையேம்மா," என்று மிகவும் வருந்தினார் பக்தவச்சலம். "இன்னிக்கு வாரிசு அரசியலை ஒழிக்கக் கூடியிருக்கோம். தலைவர் குடும்பத்துல இருந்து யாரும் தலைவரா வரக்கூடாது. தீர்மானத்தை நானே கொண்டு வர்றேன்."

கைதட்டல் வானைப் பிளந்தது. அடுத்த தீர்மானம், டொரன்டோவிலிருந்து லீவில் வந்திருந்த சக்தியைத் தலைவராக்குவது.

"இன்னா சார், சக்தி உங்க புள்ளயாச்சே?" டெபோராவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பிள்ளைதான். ஆனா குடும்பம் இல்லைம்மா. ரேஷன் கார்டுலேருந்து பேரை எடுத்தாச்சே!"

சட்டம் தெரிந்த மனிதர்! பொருளாளர் ஜீவானந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மோட்டார் ரூமுக்கு இருந்த ஒரே சாவி வெள்ளித்தட்டில் வைக்கப்பட்டு, 'செங்கோல்' என்ற பெயரில் புதிய தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சக்தி அதைப் பயபக்தியோடு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாளே மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினார், அதே பையோடு.

அடுத்த வாரம் வானம் பொத்துக்கொண்டது. வாசலில் தண்ணீர் ஏறியதும் டெபோரா மூன்றாம் மாடிக்கு ஓடினாள். மேலிடம் வீடியோ கால் போட்டது.

"டோன்ட் வொர்ரி ஆன்ட்டி," என்றார் சக்தி. "சாவி சேஃபா இருக்கு. இங்க ஷோகேஸ்ல வச்சிருக்கேன்."

"அப்போ பூட்டை ஒடைங்க சார்!"

"சங்கச் சொத்தும்மா!" பதறிப்போனார் அங்கே வந்திருந்த ஜீவானந்தம். "முறைப்படி தீர்மானம் போடணும்."

முறைப்படியே போட்டார்கள். வாசகத்தில் 'உடைக்கலாம்' என்பதா, 'திறக்க ஆவன செய்யலாம்' என்பதா என்று விவாதித்து முடிப்பதற்குள் மோட்டாரே முழுகிப்போயிற்று.

விடிந்ததும் பக்தவச்சலம் குடையோடு இறங்கி, நனையாத கடைசிப் படியில் நின்று 'பார்வையிட்டார்'. டெபோரா முழங்கால் தண்ணீரில் நின்று, சாயம் இறங்கிய துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். யார் யாருக்கு என்ன பதில் சொல்வது? அழுகை அழுகையாக வந்தது அவளுக்கு.

"மனசைத் தளர விடாதம்மா. சங்கத்துல நாம எல்லாரும் ஒரே குடும்பம்," என்று தேற்றியது மேலிடம்.

டெபோரா துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"குடும்பம்தான் சார். ஆனா பதவி உங்க வூட்டைத் தாண்டி வரவே மாட்டேங்குது. தண்ணி மட்டும் ஏன் சார் நேரா எங்க வூட்டுக்கு வருது?"