மூன்று கோட்டிங் ரப்பர்

மூன்றாவது சொட்டு விழுந்த பிறகுதான் பூமாரி தையல் மிஷினை நிறுத்தினாள். முதல் இரண்டும் அவள் தலையில் விழுந்தன, பொறுத்துக்கொண்டாள். மூன்றாவது, விஜயராணி மகள் நிச்சயதார்த்தத்துக்காகக் கொடுத்திருந்த பட்டு ரவிக்கைத் துணியில் விழுந்தது. அதைப் பொறுக்க முடியாது.

“ஏங்க, இந்த வருசம் ஒரு சொட்டு விழாதுன்னு சொன்னிய.”

நெல்லையப்பன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கூரை அவர் மூக்கின் மேல் நான்காவது சொட்டை விட்டது.

“மொத மழைல்லா. ரப்பர் செட்டாவ வேண்டாமா?” என்றார், துடைத்துக்கொண்டே.

மே மாதம் வந்தால் தாராவியில் அவரவர் பத்ராவுக்கு, அதாவது தகரக் கூரைக்கு, நீலத் தார்ப்பாய் கட்டிவிடுவார்கள். நெல்லையப்பன் வீட்டுக்கு வருடா வருடம் ஏறிக் கட்டுவது வேல்ராஜ். நெல்லையப்பன் கீழே சந்தில் நின்றபடி யோசனை மட்டும் சொல்வார். இந்த வருடம் அவரைக் கெடுத்தது ஒரு வீடியோ. தோல்பைப் பட்டறையில் கூட வேலை பார்ப்பவர் காட்டினார். யாரோ ஒருவர் ஓட்டைக் குளம் ஒன்றின் அடியில் கறுப்பாக எதையோ ரோலரால் பூசுகிறார். மறுநாள் குளம் நிறையத் தண்ணீர். மீன்கூட விட்டிருக்கிறார்.

குளத்துக்கே நிற்கிற அந்தத் திரவ ரப்பர், பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டுக்கு நிற்காதா? தொண்ணூறடி ரோட்டு அல்தாப் கடையிலிருந்து பெரிய டின் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வேல்ராஜுக்கு இனிமேல் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பியாயிற்று.

பூமாரி சண்டை போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “இந்த வருசமும் ஒழுகிச்சுன்னா நாம அம்பர்நாத்துக்குப் போயிருவோம்.”

அம்பர்நாத்தில் அவள் தங்கை இருந்தாள். தங்கை புருஷன் சுரேந்திரனுக்கு ஃபாக்டரியில் வேலை, கான்கிரீட் கட்டடத்தில் வீடு. அடுத்த வீடும் வாடகைக்குக் காலியாகக் கிடந்தது. நெல்லையப்பனுக்கு அந்தப் பேச்சே ஆகாது. இருபத்திரண்டு வருடமாகப் பட்டறைக்கு நடந்து போய், மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடுசோறு சாப்பிட்டுப் பழகிய மனிதர் அவர். அம்பர்நாத் என்றால் விடியுமுன் டிபன் டப்பாவும், ரயில் கம்பியும், யாரோ ஒருவரின் அக்குளும்தான்.

ஆகவே அவரே ஏறினார். சந்து முனையில், குழாயடியை ஒட்டித்தான் ஏணி. அங்கே ஏறி நாலைந்து வீட்டுக் கூரைகள் மேல் நடந்து வர வேண்டும். ஏறிய பிறகுதான் சங்கடம் தெரிந்தது. கூரைக்கு ஏது கதவு, ஏது நம்பர்? கண்ணுக்கெட்டிய மட்டும் தகரமும் நீலத் தார்ப்பாயும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நல்லவேளை, அவருடைய டிஷ் ஆன்டெனா கண்ணில் பட்டது. நாலு வருடத்துக்கு முன் அவர் பட்டறையில் இருந்த நேரத்தில் டிஷ்காரர்கள் வந்து வைத்துவிட்டுப் போனது. அதன் கம்பியில் கட்டியிருந்த பச்சை நைலான் கயிறு அவரே கடையில் வாங்கிக் கொடுத்தது. சந்தேகமே இல்லை. டிஷ்ஷைச் சுற்றி ஒரு அங்குலம் விடாமல் பூசினார்.

இறங்கி வந்ததும் பூமாரி சொன்னாள்: “மேல நடமாடுத சத்தமே கேக்கலியே.”

“ரப்பர்ல்லா. இனிமே பூன ஓடுனாலும் கேக்காது” என்றார் பெருமையாக.

அந்தப் பெருமைதான் இப்போது சொட்டிக்கொண்டிருந்தது.

மழை விட்ட இடைவெளியில் அல்தாப் கடைக்குப் போனார். அல்தாப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு கோட்டிங் எந்த மூலைக்குக் காணும், இரண்டாவது அடிக்க வேண்டும், மூன்று பக்கமும் விளிம்பை உயர்த்தி, சரிவுப் பக்கம் மட்டும் தண்ணீர் போக வழி விட வேண்டும் என்று இந்தியில் விளக்கினார். அப்படியே செய்தார் நெல்லையப்பன்.

விளிம்பைக் கட்டும்போதுதான் மனசு உறுத்தியது. சரிவுப் பக்கம் இருந்தது பக்கத்து வீட்டு இனாயத்துல்லாவின் கூரை. மேலப்பாளையத்துக்காரர். மகள் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு ஊருக்குப் போய் இரண்டு மாதமாகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. தார்ப்பாய்கூடக் கட்டவில்லை. ஒரு முழம் தாழ்வாக, துருவேறி, அங்கங்கே விரல் போகிற ஓட்டைகளோடு கிடந்தது அந்தக் கூரை. இனி இங்கே பெய்கிற மழையும் சேர்ந்து அங்கேதான் போகும். பாவம் பாய், தங்கமான மனிதர் என்று நினைத்தார். கூடவே அம்பர்நாத் ரயில் நினைவுக்கு வந்தது. உறுத்தல் நின்றுவிட்டது.

அடுத்த மழையில், அதுவரை சொட்டாக விழுந்தது கயிறாக விழுந்தது. பூமாரி குடத்தை வைத்தாள், வாளியை வைத்தாள், இட்லிக் கொப்பரையை வைத்தாள். தையல் மிஷினுக்குப் பழைய ரெயின்கோட்டை மாட்டிவிட்டாள்.

“முன்னெல்லாம் தார்ப்பாய் இல்லாமலே இவ்வளவு ஒழுகாதே” என்றாள், யாரையும் குறை சொல்லாத குரலில்.

மழை விட்டதும் நெல்லையப்பன் மூன்றாவது கோட்டிங்குக்கு ஏறினார். டிஷ் கம்பியின் அடியில் மட்டும் தனியாக நாலாவது ஒன்றும் அடித்தார். மறுபடி மழை பிடித்ததும் ஏறிப் போய், தண்ணீர் அந்தக் கறுப்பின் மேல் நிற்காமல் பாய் வீட்டுப் பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்ணால் பார்த்தார். வேலை சுத்தம். இறங்கி வந்து பார்த்தால் வீட்டுக்குள் வெளியே பெய்வதைவிடப் பலமாகப் பெய்துகொண்டிருந்தது.

அவருக்கு அழுகை வந்தது. அழுவதற்குப் பதிலாக டின்னைத் திறந்து பார்த்தார். இன்னும் கால்வாசி மிச்சம் இருந்தது.

மேலே தடுக்க முடியாவிட்டால் கீழேயாவது ஈரம் ஊறாமல் காப்பாற்றலாமே என்று தோன்றியது. அந்த வாரம் மழை இரண்டு நாள் ஓய்ந்தபோது தரையில் பூசினார். சுவரில் ஒரு அடி உயரத்துக்குப் பூசினார். வாசல்படியையும், அதன் அடியிலிருந்த பழைய வெடிப்பையும் சேர்த்து மெழுகி அடைத்தார். அதுவரை வீட்டுக்குள் விழுந்த தண்ணீரெல்லாம் அந்த வெடிப்பு வழியாகத்தான் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது அடுத்த மழையில் தெரிந்தது.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறி, அசையாமல், ஒரு துளி வெளியேறாமல் நின்றது. டின்னில் குளத்தின் படம் போட்டிருந்தது பொய்யில்லை. பூமாரி கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ரவிக்கைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

“மீன் ஒண்ணுதான் பாக்கி” என்றாள். பிறகு போனை எடுத்துத் தங்கையை அழைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட நெல்லையப்பன் சமாளித்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. சுரேந்திரன் டெம்போவோடு வந்துவிட்டார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு வீட்டுக்குள் இறங்கினார்.

“சகல, எங்க வீட்ல பாத்ரூம்லகூட இவ்வளவு தண்ணி நிக்காது” என்றார் ஆறுதலாக.

தையல் மிஷின் ஏறியது, கட்டில் ஏறியது, பாத்திர மூட்டை ஏறியது. பூமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வாசலில் நின்றாள். போக வேண்டும் என்று சொன்னவளுக்கும் போக மனசில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அது இன்னும் வலித்தது. மிச்சம் இருந்தது டிஷ் மட்டும்தான். நெல்லையப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சந்து முனைக்கு நடந்தார்.

ஏணியடியில், இரண்டு கையிலும் பையோடு இனாயத்துல்லா வந்துகொண்டிருந்தார். ஊரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறார். மனைவி சாமான்களோடு பின்னால் வேறு டாக்சியில் வருகிறாள், சாவி அவளிடம். டெம்போவையும் நெல்லையப்பன் முகத்தையும் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். விஷயத்தைக் கேட்டதும், தனியாக ஏறாதீங்க அண்ணாச்சி, நானும் வாரேன் என்று அவருக்கு முன்னால் ஏணியில் ஏறிவிட்டார்.

நெல்லையப்பன் பின்னாலேயே ஏறினார். பாய் தன் வீட்டைத் திறந்து உள்ளே குளத்தைப் பார்த்த பிறகு அவர் முகத்தில் எப்படி முழிப்பது? அதற்கு முன்னால் சொல்லிவிடுவதுதான் மரியாதை. கறுப்பாகப் பளபளத்த கூரையின் நடுவில், டிஷ் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

“பாய், மன்னிச்சிருங்க. நம்ம வீடு நனையக் கூடாதுன்னு மூணு கோட்டிங் அடிச்சேன். விளிம்பு கட்டுனேன். என் தண்ணி பூராத்தையும் ஒங்க பத்ராமேல தள்ளி விட்டுட்டேன். ஒங்க வீட்டுக்குள்ள என்ன கதியோ தெரியல.”

இனாயத்துல்லா காலடியில் இருந்த ரப்பரைக் குனிந்து தட்டிப் பார்த்தார். கீழே சரிவில், ஓட்டைகளோடு துருவேறிக் கிடந்த கூரையை எட்டிப் பார்த்தார். பிறகு நெல்லையப்பன் தோளில் மெதுவாகக் கை வைத்தார்.

“அண்ணாச்சி, ஒங்க பத்ரா அந்தா கீழ கெடக்கே, அதுல்லா. அதுல சிக்னல் கெடைக்கலன்னு பூமாரி அக்கா வந்து கேட்டாவ, அதான் நாலு வருசமா ஒங்க டிஷ் எங்க பத்ராமேல நிக்கி.”