ஒரு ஆள் வெயிட் தாங்குமா

மாதா துணை
பாலக்கரை, திருச்சி

மஸ்கட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதி எங்கள் எல்லாருடைய மானத்தையும் காப்பாற்றி வரும் அன்பு மருமகள் பெலிண்டாவுக்கு, உன் தாய்மாமன் ஜெபராஜ் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே உன் அத்தை பிலோமினா சுகம், என் குட்டியானை லோடு வண்டி சுகம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால் எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா என்றாய். எழுத்தில் பிழை இருந்தால் அஞ்சாம் வகுப்போடு என்னை வழியனுப்பி வைத்த டீச்சரம்மாவைக் கேள். அப்பா எப்படி இருக்கார், ஒளிக்காம சொல்லுங்க, வேலையை விட்டுட்டு வந்துடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

என் அக்கா, உன் அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து, நீயும் விமானம் ஏறி, பிரியாணி சாப்பிட்ட சொந்தமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிய பிறகு, ஒருநாள் காந்தி மார்க்கெட்டில் கயிற்றுக் கடை வைத்திருக்கும் காஜா மைதீன் பாய் எனக்குப் போன் போட்டார். குரலே சரியில்லை. "ஜெபராஜு, உங்க மச்சான் தைரியராஜ் வந்தாருங்க. கயிறு காட்டுன்னாரு. ஒரு ஆளு வெயிட்டு தாங்குமான்னாரு. எங்க கட்டப் போறீங்கன்னு கேட்டேன், மரத்துலங்கறாரு. எந்த ஆளுன்னு கேட்டேன், நான்தாங்கறாரு. ஸ்டாக் இல்லைன்னு சொல்லிட்டேன்." பெலிண்டா, அந்தக் கடையில் தரையிலிருந்து கூரை வரைக்கும் கயிறு. நடுவில் பாய் உட்கார்ந்திருப்பதே தெரியாது. அவர் சொன்னது மட்டுமில்லை, வரிசையில் இருந்த மற்ற கடைக்கும் சைகை காட்டிவிட்டார். மச்சான் ஏறி இறங்கின கடையிலெல்லாம் கயிறு இல்லையாம். கடைசிக் கடைக்காரர் மட்டும் மனசு கேட்காமல் பூ கட்டுற நார் வேணும்னா இருக்குன்னாராம்.

சிரிக்காதே, இல்லை, சிரி. நாங்க சிரிக்கலை. உன் அத்தை அன்னைக்கே உங்க வீட்டுக்குப் போயி, பாத்திரம் தேய்க்க வந்த மாதிரி நடிச்சு, துணி காயப்போடுற கொடியை அவுத்துட்டா. கிணத்துக் கயிறை எடுத்துட்டா. கொசுவலை நாடா, ஜன்னல் திரை கட்டுற கயிறு, பழைய ரேடியோவோட ஒயரு, ஒண்ணு விடலை. உங்கப்பா சட்டையைத் துவைச்சு வச்சுக்கிட்டு காயப்போட இடமில்லாம வீட்டைச் சுத்திச் சுத்தி வந்திருக்காரு. கடைசில மொட்டை மாடி சுவத்துல விரிச்சாரு, அது காத்துல போயி பக்கத்து வீட்டு ஆட்டுக்கடா மேல விழுந்துடுச்சு. அது அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு தெருவுல நிக்குது, உங்கப்பா மாடியிலேர்ந்து பார்த்துக்கிட்டு நிக்கறாரு, சிரிக்கலை. அக்கா இருந்திருந்தா அந்தக் கடாவையும் காபி சாப்பிடக் கூப்பிட்டிருப்பா. இனி அவரைத் தனியா விடறதில்லைன்னு அன்னைக்கே முடிவு கட்டினேன்.

மறுநாள் அவர் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாரு. நான் வெங்காய லோடோட பின்னாலேயே போனேன். பஸ் நிக்கற இடத்துலல்லாம் நானும் நிக்க, பின்னால வந்தவன்லாம் என் பரம்பரையையே விசாரிச்சான். கோயில் சுவரெல்லாம் தாண்டி கொள்ளிடக் கரைத் தோப்புக்குப் போயிட்டாரு. மறைஞ்சு நின்னு பாக்கறேன். ஒவ்வொரு மரமாத் தட்டிப் பாக்கறாரு. மேல பாக்கறாரு. கட்டிப் பிடிச்சு ஆட்டிப் பாக்கறாரு. மோட்டார் ரூம்ல கட்டி வச்சிருந்த நைலான் கயித்தைத் தோப்புக் காவக்காரர்கிட்ட இரவல் வாங்கி வச்சிருக்காரு. அதுக்கு மேல என்னால மறைஞ்சு நிக்க முடியலை. போயி, "மச்சான், நேராவே கேக்கறேன். செத்துப் போயிடலாம்னு இருக்கீங்களா?"ன்னு கேட்டேன்.

கையிலிருந்த கயித்தைக் கீழ வச்சாரு. "இருந்துச்சுடா"ன்னாரு. "அந்தக் கட்டில்ல படுக்கறப்பல்லாம் இருந்துச்சு. அதான் படுக்க வேற இடம் தேடறேன்."

பையிலேர்ந்து ஒரு ஆரஞ்சுத் துணியை எடுத்தாரு. உன்னோடதுதான். காலேஜுல மலையேறப் போறப்போ மரத்துக்கு மரம் கட்டிப் படுப்பியே, ஹேமக்குன்னு, அந்தத் தொட்டில். அக்கா புடவையெல்லாம் எடுத்துக் குடுக்க பீரோவைத் திறந்தப்போ அடியில இருந்துச்சாம். மரத்துல கட்டுற பெல்ட்டைத்தான் காணோம். "கட்டில்ல அவ பக்கம் காலியாக் கெடக்கு. கை நீட்டினா ஒண்ணுமில்லை. இதுல ஒரு ஆளுதான்டா படுக்கலாம். பக்கம்னே ஒண்ணு கெடையாது"ன்னாரு. நான் வெங்காயம் கண்ணுல பட்டுடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன். லோடு வண்டி ரோட்டுல நிக்குது, அது வேற விஷயம்.

அப்புறம் ரெண்டு கிழவனும் அதைக் கட்டின கதை. ரெண்டு தென்னைக்கு நடுவுல நைலானைக் கட்டி உங்கப்பா படுத்தாரு. நைலான் இழுபடும், எனக்குத் தெரியும், சொல்லலை. பேசப் பேச இறங்கிக்கிட்டே போயி, ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள முதுகு மண்ணுல. அடுத்து காவக்காரரோட தேங்காநார்க் கயிறு. அது மரத்தை அறுக்குது, அந்தாளு வந்து எங்களை அறுத்தான். நான் பெரிய மனுஷன் மாதிரி வண்டியிலேர்ந்து லோடு பெல்ட்டை எடுத்தேன். நாலு விரல் அகலம், இழுபடாது, மரத்தையும் காயப்படுத்தாது. ஆனா நான் மூட்டை கட்டிப் பழகின கையா, தட்டினா வீணை மாதிரி சத்தம் வர்ற அளவுக்கு இழுத்து லாக் போட்டேன். உங்கப்பா ஏறினாரு. தொட்டில் அப்படியே ஒரு சுத்து சுத்தி அவரைக் குப்புறப் போட்டுச்சு. "மூட்டையாடா நான்? தளர விடுடா, சாஞ்சு தொங்கணும், இழுத்துக் கட்டினா மரத்துக்குத்தான் பாரம் ஜாஸ்தி"ன்னு மண்ணைத் துப்பிக்கிட்டே சொன்னாரு. அப்ப பக்கத்துல ஒரு தென்னை மட்டை விழுந்துச்சு. பெல்ட்டை நாம பாத்துக்கலாம், மேல இருக்கற தேங்காயை யாரு பாத்துக்கறதுன்னு ரெண்டு பூவரச மரத்துக்கு மாத்தினோம். தளரக் கட்டினோம். படுத்தாரு. தூங்கிட்டாரு, பெலிண்டா. அக்கா போனதுக்கு அப்புறம் அவர் தூங்கி நான் பாத்தது அதுதான் முதல் தடவை.

ஆகையால் நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. பெல்ட்டைக் கொடுத்துவிட்டேன். இப்போது பச்சமலையில் போய்ப் படுக்க வேண்டும் என்கிறார், தாராளமாகப் போகட்டும். துணைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டார், பலகையில் படுத்துப் பழகின உடம்பு, தொங்க வராது என்று சொல்லிவிட்டேன். இனி அவர் பின்னால் அலைவதாக இல்லை, எனக்கும் பிழைப்பு இருக்கிறது. அவர் தேறிவிட்டார். நிம்மதியாகக் கணக்கு எழுது. மாப்பிள்ளைக்கு என் வணக்கம் சொல். உன் தலைமாட்டில் பரலோகத்துச் சம்மனசு காவல் நிற்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் மாமன்
ஜெபராஜ்

பி.கு: கையெழுத்து ஏன் இப்படி ஆடுகிறது என்று கேட்காதே. நானும் கூடவே வந்து, பச்சமலையில் வண்டித் தார்ப்பாயில் கட்டின ரெண்டாவது தொட்டிலில் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நடுவில் ஒல்லியாக ஒரே மரம், அவர் பெல்ட்டும் என் பெல்ட்டும் அதில்தான். அவர் புரண்டால் எனக்கும் லேசாக ஆடும், அதற்காகவே இந்த மரத்தைப் பிடித்தேன். மத்தியான வெயிலில் தூங்குகிறார். தூக்கத்தில் கையை நீட்டி நீட்டிப் பக்கத்தில் தேடுகிறார், துணிதான் அகப்படுகிறது. வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. வா. உனக்கும் ஒரு ஜோடி பெல்ட் வேணும்னு இப்பத்தான் காஜா பாய்க்குப் போன் போட்டேன். யாருக்குங்க என்றார். அம்மாவை இழந்த மருமகளுக்கு என்றேன். எல்லா விஷயமும் தெரிந்த மனுஷன், இருந்தும் ஸ்டாக் இல்லை என்று போனை வைத்துவிட்டார். அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடு.